முடிவு தேதி இல்லாத இ.எம்.ஐ... எம்.எஸ். நோயோடு வாழ மாசம் எவ்வளவு ஆகும்?

எம்.எஸ். என்றால் நமக்கெல்லாம் தோனியும் சுப்புலட்சுமியும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நியூராலஜி டாக்டர் ஒருவர் உங்கள் எம்.ஆர்.ஐ ஃபிலிமைப் பார்த்துவிட்டு அதே இரண்டு எழுத்தைச் சொன்னால், அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் கண்டுபிடிக்கப்படும் நோய் இது. முதல் வேலை, முதல் பைக் லோன், கல்யாணப் பேச்சு, பேங்க்கில் சேர ஆரம்பித்திருக்கும் முதல் லட்சம் என்று எல்லாம் தொடங்குகிற வயசு. அந்த நேரத்தில் இன்னொரு இ.எம்.ஐ-யும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு லோனுக்குக்கூட 20 வருஷத்தில் முடிவு உண்டு. இதற்கு முடிவு தேதி கிடையாது.

ஆஸ்பத்திரிச் செலவு என்றதும் நம் வீடுகளில் யோசிப்பது ஒரே ஒரு பெரிய பில்லைத்தான். ஆபரேஷன், ஐ.சி.யூ, டிஸ்சார்ஜ். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாம், அப்புறம் மெதுவாக மீட்டுக்கொள்ளலாம் என்பது நம் கணக்கு. எம்.எஸ்-ஸில் அந்தக் கணக்கு எடுபடாது. இங்கே பில் சின்னதாக, ஆனால் மாதாமாதம் வரும். நம் இன்ஷூரன்ஸும் அரசு உதவிகளும் பெரும்பாலும் 'அட்மிஷன்', 'கண்ணுக்குத் தெரியும் ஊனம்' இரண்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற நோய் இது. அதனால் எந்தச் செலவு எங்கிருந்து வரும், அதை எங்கே குறைக்கலாம் என்று முதல் மாசத்திலேயே தெரிந்துகொள்வது மருந்து மாதிரியே முக்கியம்.

முதலில், என்ன நோய் இது?

நம் உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றைத் தாக்குவதுதான் எம்.எஸ். வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நரம்புகளுக்கு மேலே மையலின் என்ற உறை இருக்கிறது. அது ஆங்காங்கே உரிந்துபோனால் சிக்னல் தடுமாறும். ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாது. காரணமே இல்லாமல் ஒரு பெரும் சோர்வு வரும்.

பெரும்பாலானவர்களுக்கு இது விட்டுவிட்டு வரும். சில நாள், சில வாரம் தாக்கும். பிறகு ஓரளவோ முழுசாகவோ சரியாகும். மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இந்தத் தாக்குதலைத்தான் டாக்டர்கள் ரிலாப்ஸ் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020-ம் ஆண்டின் எம்.எஸ். அட்லஸ் கணக்கிட்டது. இது தொற்றாது. முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால், தாக்குதல்களைக் குறைக்கவும் ஊனம் சேர்வதைத் தள்ளிப்போடவும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. செலவுக் கதை ஆரம்பிப்பதும் அங்கேதான்.

பெயர் தெரிவதற்குள் காலியாகும் பர்ஸ்

கண் மங்கினால் கண் டாக்டரிடம் போவோம். கால் மரத்தால் எலும்பு டாக்டர். தலை சுற்றினால் இ.என்.டி. சோர்வு என்றால் சத்து மாத்திரை. இப்படி நாலு கதவு தட்டிய பிறகுதான் பலரும் நியூராலஜிஸ்ட்டிடம் வந்து சேர்கிறார்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஃபீஸ், ஒரு டெஸ்ட்.

அங்கே வந்ததும் பெரிய டெஸ்ட்டுகள் தொடங்கும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ, கண் நரம்பின் வேகத்தைப் பார்க்கும் வி.இ.பி, சிலருக்கு முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட். இந்தக் கட்டத்தில் மூன்று விஷயம் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

ஒன்று, எம்.ஆர்.ஐ எடுத்த இடத்தில் ஃபிலிமோடு சி.டி-யையும் கேட்டு வாங்குங்கள். அதை கூகுள் டிரைவிலும் ஏற்றி வையுங்கள். அடுத்த வருஷ ஸ்கேனை இதோடு ஒப்பிட்டுத்தான் நோய் நகர்கிறதா, நிற்கிறதா என்று டாக்டர் சொல்லுவார். பழையது தொலைந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இரண்டு, என்.எம்.ஓ, மாக் என்று எம்.எஸ்-ஸைப் போலவே தோற்றமளிக்கும் வேறு நோய்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் ஆன்ட்டிபாடி ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எம்.எஸ்-ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் என்.எம்.ஓ நோயாளிக்கு நோயை மோசமாக்கிவிடும். தப்பான மருந்தில் ஒரு வருஷம் போவதோடு ஒப்பிட்டால் அந்த டெஸ்ட்டின் விலை ஒன்றுமே இல்லை.

மூன்று, அரசு மருத்துவமனைகளை ஒதுக்கிவிடாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு, புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் என நம்மைச் சுற்றியே பெரிய அரசு நரம்பியல் மையங்கள் உள்ளன. வரிசை நீளம்தான். ஆனால், ஆயுளுக்கும் எடுக்கப்போகும் மருந்தை முடிவு செய்யும்முன் இரண்டாவது கருத்து கேட்க இவை நல்ல இடங்கள்.

மெயின் பில்: மருந்து

நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளை டி.எம்.டி என்பார்கள். செலவுக் கண்ணோட்டத்தில் இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

தினசரி மாத்திரைகள்: டெரிஃப்ளுனோமைட், டைமெத்தில் ஃபியூமரேட், ஃபிங்கோலிமோட். இந்திய கம்பெனிகளின் ஜெனரிக் இருப்பதால் பெரும்பாலும் மாசம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பிராண்டுக்கு பிராண்ட் விலை வித்தியாசம் அதிகம். அதனால் டாக்டரிடம் 'இதே மருந்தில் வேறு கம்பெனி எழுதலாமா' என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிகள்: இன்டர்ஃபெரான் பீட்டா, கிளாட்டிராமர். வாரம் ஒன்றிலிருந்து தினம் ஒன்று வரை. மாத்திரையைவிடப் பொதுவாகச் செலவு அதிகம். 2-லிருந்து 8 டிகிரியில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியவை. கரன்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டர் செலவையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரிப்ஸ் வழி ஏற்றும் மருந்துகள்: நடாலிசுமாப் நாலு வாரத்துக்கு ஒரு முறை, ஆக்ரிலிசுமாப் ஆறு மாசத்துக்கு ஒரு முறை. இவற்றின் வருஷக் கணக்கு லட்சங்களில் ஓடும். இந்த இடத்தில்தான் ரிட்டுக்சிமாப் வருகிறது. இது புற்றுநோய், மூட்டுவாத சிகிச்சைக்காக வந்த மருந்து. எம்.எஸ்-ஸுக்கு என்று லேபிளில் எழுதியிருக்காது. ஆனாலும் உலகின் பல நாடுகளில் நியூராலஜிஸ்ட்டுகள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஹைதராபாத் டாக்டர் ரெட்டிஸ் 2007-லேயே இதன் பயோசிமிலரைக் கொண்டுவந்தது. ஆக்ரிலிசுமாப் போலவே வேலை செய்யும் இது, விலையில் அதைவிடப் பல மடங்கு குறைவு. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் முதல்முறையாக எம்.எஸ். மருந்துகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது கிளாட்ரிபைன், கிளாட்டிராமரோடு ரிட்டுக்சிமாப்பையும் சேர்த்தது. உங்களுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான். ஆனால், 'இதை வாங்க என்னால் எத்தனை வருஷம் முடியும்' என்ற கேள்வியை டேபிளில் வைக்க வேண்டியது நீங்கள். முதல் சந்திப்பிலேயே வையுங்கள்.

மருந்தின் விலை மட்டுமே மருந்துச் செலவு இல்லை. டெரிஃப்ளுனோமைட் எடுத்தால் ஈரல் டெஸ்ட், முதல் ஆறு மாசம் அடிக்கடி. டைமெத்தில் ஃபியூமரேட் என்றால் வெள்ளை அணுக்களின் கணக்கு. ஃபிங்கோலிமோட்டின் முதல் மாத்திரைக்கு ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். ரிட்டுக்சிமாப் ஏற்றும்முன் ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பட்ஜெட்.

குழந்தை பெறும் திட்டம் இருக்கிற பெண்கள் கவனிக்க: டெரிஃப்ளுனோமைட் கர்ப்பத்தின்போது கூடவே கூடாத மருந்து. நிறுத்தினாலும் இரண்டு வருஷம் வரை உடலில் தங்கக்கூடும். சீக்கிரம் வெளியேற்றத் தனி சிகிச்சை வேண்டும். விலை குறைவு என்று இதைத் தொடங்கும்முன் கல்யாணம், குழந்தை பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

'இந்த மாசம் மட்டும் நிறுத்திக்கலாமே'

எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வரும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, கையில் காசு இல்லை, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

எம்.எஸ்-ஸில் மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமே எதுவும் நடக்காமல் இருப்பதுதான். தலைவலி மாத்திரை போல எடுத்த உடனே பலன் தெரியாது. அதனால் வெட்டத் தோன்றும் முதல் செலவு இதுவாகிவிடுகிறது. ஆனால் ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். ஒரு ரிலாப்ஸ் வந்தால் மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மூன்றிலிருந்து ஐந்து நாள் டிரிப்ஸில் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த மருந்து மலிவு. அறை வாடகை, ஸ்கேன், லீவ், கூட இருப்பவரின் லீவ், அதன்பின் பிசியோதெரபி ஆகியவைதான் விலை. அதைவிட முக்கியம், போன பலம் முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

அதனால் கையில் எப்போதும் ஒரு மாச மருந்து கூடுதலாக இருக்கட்டும். கட்டுப்படியாகவில்லை என்று தோன்றும்போது நிறுத்தாமல், அதற்கு முந்தின மாசமே டாக்டரிடம் சொல்லுங்கள். விலை குறைந்த இன்னொரு மருந்துக்குத் திட்டமிட்டு மாறுவது வேறு, திடீரென்று விட்டுவிடுவது வேறு.

பில் போடாத செலவுகள்

உடல் சூடு ஏறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாக அதிகரிக்கும். இதற்கு உட்ஹாஃப் விளைவு என்று பெயர். மே மாசச் சென்னையில் இதற்கு என்ன அர்த்தம்? மற்றவர்களுக்கு ஏ.சி. சொகுசு, உங்களுக்கு மருந்து. தமிழ்நாட்டில் இரண்டு மாச மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கான கணக்கே மாறிவிடும். ஒரே அறையை மட்டும் குளிராக்குவது, 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் போடுவது, வெளியே போகும்போது கழுத்தில் ஈரத்துண்டு எனப் பழகிக்கொண்டால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கலாம்.

அடுத்தது சோர்வு. பார்ப்பவர்களுக்குத் தெரியாத, பணத்தை அதிகம் கரைக்கிற அறிகுறி. பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாத நாளில் ஆட்டோ. சமைக்க முடியாத நாளில் ஸ்விக்கி. மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லை என்றால் வீடு மாற வேண்டும், புது அட்வான்ஸ் கட்ட வேண்டும். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், சிலருக்கு டயப்பர், வாக்கிங் ஸ்டிக். எதற்கும் ஆஸ்பத்திரி ரசீது கிடையாது. எந்த இன்ஷூரன்ஸும் தராது.

எல்லாவற்றையும்விடப் பெரியது, வராமல் போகிற பணம். தவறவிட்ட புரமோஷன், நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று சொன்னதால் போன அலவன்ஸ், உங்களைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ கணவரோ மனைவியோ விட்ட வேலை.

கணக்குப் புரிவதற்காக எண்களை வைத்துப் பார்ப்போம். இவை மாதிரிக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

• ஜெனரிக் மாத்திரை: மாசம் 6,000
• வருஷத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ, 12,000 என்றால்: மாசம் 1,000
• மூன்று மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, 1,500: மாசம் 500
• மூன்று மாசத்துக்கு ஒருமுறை டாக்டர் ஃபீஸ், 1,200: மாசம் 400
• பிசியோ வாரம் ஒன்று, 500 வீதம்: மாசம் 2,000
• முடியாத பத்து நாளுக்கு ஆட்டோ, 150 வீதம்: மாசம் 1,500
• கூடுதல் கரன்ட்: மாசம் 600

மொத்தம் 12,000. சம்பளம் 40,000 என்றால் அதில் 30 சதவிகிதம். இதில் மருந்து சரிபாதிதான் என்பதைக் கவனியுங்கள். 'மாத்திரை ஆறாயிரம்தானே' என்று நினைத்துத் திட்டமிடுகிறவர்கள் மாசக் கடைசியில் திணறுவது இதனால்தான். இதோடு, ஒரு ரிலாப்ஸுக்கு ஆகும் தொகையைத் தனி அக்கவுன்ட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்?

கம்பெனி குரூப் பாலிசி: இருப்பதிலேயே இதுதான் உங்கள் பெரிய சொத்து. பெரும்பாலான குரூப் பாலிசிகள் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் தரும். வேலை மாறும்போது சம்பளத்தைக் கேட்பது போல இதையும் கேளுங்கள். வேலையை விடும்போது அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே ஹெச்.ஆரிடம் விசாரியுங்கள்.

மாத்திரையா, டிரிப்ஸா: சாதாரண ஹெல்த் பாலிசி, வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குப் பணம் தராது. அது ஓ.பி. செலவு. ஆனால், ஊசி வழி ஏற்றும் மோனோக்ளோனல் ஆன்ட்டிபாடி சிகிச்சையை நவீன சிகிச்சைகளின் பட்டியலில் வைத்து, அதற்குக் கவர் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-ல் சொன்னது. ரிட்டுக்சிமாப், ஆக்ரிலிசுமாப், நடாலிசுமாப் மூன்றும் அந்த வகைதான். பாலிசியில் இதற்கு உச்சவரம்பு இருக்கலாம். இருந்தாலும், பார்க்க விலை அதிகமான டிரிப்ஸ் உங்கள் கையிலிருந்து போகும் பணத்தில் மாத்திரையைவிடக் குறைவாக முடியும் வாய்ப்பு உண்டு. டாக்டரிடமும் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கிலும் சேர்த்தே கேளுங்கள்.

புதிதாகத் தனிநபர் பாலிசி: நோய் தெரிந்த பிறகு எடுப்பது கடினம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024 ஏப்ரலில் 48 மாசத்திலிருந்து 36 மாசமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் 2019 விதிமுறைகளில், பாலிசி எடுக்கும்முன்பே இருந்தால் நிரந்தரமாக விலக்கிவைக்க அனுமதிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் மையலின் உறை உரியும் நோய்களும் இருந்தன. எம்.எஸ். அந்தக் குடும்பம்தான். அதனால் கையெழுத்துப் போடும்முன் 'நிரந்தர விலக்கு' என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். எம்.எஸ். விலக்கப்பட்டிருந்தாலும் டெங்குக்கும் விபத்துக்கும் அந்த பாலிசி உதவும் என்பதால் அப்படியே ஒதுக்கவும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எல்லா பொது, ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று 2023-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ உத்தரவிட்டிருக்கிறது. அதையும் விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி: நோய் வரும்முன் எடுத்திருந்தால் மட்டுமே பயன். வீட்டு லோனோடு, டேர்ம் பாலிசியோடு உங்களுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், தேடிப்பாருங்கள். 'தொடரும் அறிகுறிகளோடு கூடிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்பது அதன் நிலையான பட்டியலில் இருக்கிறது. ஆனால் நிபந்தனை கறாரானது. எம்.ஆர்.ஐ உறுதிப்படுத்த வேண்டும். கூடவே இயக்கத்திலோ உணர்ச்சியிலோ ஏற்பட்ட பாதிப்பு குறைந்தது ஆறு மாசம் தொடர்ந்து இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு விசிட்டிலும் மரத்துப்போதல், பலவீனம் எதுவாக இருந்தாலும் டாக்டரின் சீட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். 'ஃபாலோ அப்' என்று மட்டும் எழுதிய சீட்டு க்ளெய்முக்கு உதவாது.

எந்த பாலிசிக்கும் நோயை மறைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பிரீமியம் கட்டிக்கொண்டே போய், தேவைப்படும் நாளில் க்ளெய்ம் தள்ளுபடியாவதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

சம்பளம் மாசம் 21,000-க்குள் (மாற்றுத்திறனாளி என்றால் 25,000-க்குள்) இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், அதை அற்பமாக நினைக்காதீர்கள். சிகிச்சைச் செலவுக்கு அங்கே உச்சவரம்பு கிடையாது, மாத்திரையும் டிஸ்பென்சரி வழியாகவே வரும். நோய்வாய்ப்பட்ட நாள்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவிகித ஊதியமும் உண்டு.

அரசு என்ன தருகிறது?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனங்களின் பட்டியலை 21 ஆக உயர்த்தியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதில் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவிகித ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். சிக்கல் இங்கேதான். ஆரம்ப வருஷங்களில், நன்றாக நடந்துகொண்டு, மாசம் ஆயிரக்கணக்கில் மருந்துக்குக் கொடுக்கும் ஒருவர் அந்த 40-ஐத் தொடவே மாட்டார். மருந்து சரியாக வேலை செய்தால் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் கிடைக்கும் அளவுக்கு நோய் முற்றினால், மருந்தால் காப்பாற்றியிருக்க வேண்டியது போயிருக்கும். எம்.எஸ். உள்ளவர்கள் மாறவேண்டும் என்று கேட்க நியாயமுள்ள இடம் இதுதான்.

தகுதி இருக்கிறவர்கள் யு.டி.ஐ.டி. கார்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் வாங்கலாம். அதன் பிறகு:

• தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 ரூபாய். எம்.எஸ்-ஸும் அந்தத் திட்டத்தில் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.
• அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவிகித இட ஒதுக்கீடு.
• பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, 1961 சட்டத்தில் 80யூ என்று பழகிப்போன கழிவு 75,000 ரூபாய். 80 சதவிகிதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. 20 சதவிகித வரி வரம்பில் 75,000 கழிவு என்றால், செஸ்ஸோடு 15,600 ரூபாய் மிச்சம். சான்றிதழில் நடமாடும் திறன் அல்லது பார்வைக் குறைபாடு என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்தால் வேலை சுலபம். புதிய வரி முறையில் இந்தச் சலுகை இல்லை என்பதால், எது லாபம் என்று ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஊனச் சான்றிதழே தேவையில்லை. வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் போதும். அட்மிஷனாகும்முன் ஆஸ்பத்திரியில் உள்ள திட்டக் கவுன்ட்டரில் உங்கள் சிகிச்சை பேக்கேஜில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

ஆபீஸில் சொல்லலாமா?

அரசு வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு எடுக்கவோ, பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியார் துறைக்கு இந்தப் பாதுகாப்பு இதே வடிவில் இல்லை. ஆனால், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டிய கடமை தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. உங்கள் கம்பெனியின் இன்ட்ராநெட்டில் தேடிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சொல்வது என்று முடிவு செய்தால் நோயின் பெயரோடு நிறுத்தாமல், 'ஏ.சி. பக்கம் சீட், வாரம் இரண்டு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம், நைட் ஷிஃப்ட் வேண்டாம்' என்று என்ன வேண்டும் என்பதையும் மெயிலில் எழுதுங்கள். வேலையைத் தக்கவைப்பதுதான் இந்த நோய்க்கான மிகப்பெரிய நிதித் திட்டம்.

வீட்டுக்கும் இதே நியாயம்தான். 'கல்யாணம் வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்' என்பது நம் ஊரில் சகஜமான அறிவுரை. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய ஊசியைப் புகுந்த வீட்டில் எங்கே ஒளிப்பீர்கள்? ஆறு மாசத்துக்கு ஒருமுறை டிரிப்ஸுக்கு என்ன காரணம் சொல்லிப் போவீர்கள்? மறைக்க ஆரம்பித்தால் முதலில் நிற்பது மருந்துதான்.

இதற்குக் காசு கொடுக்காதீங்க

'ஸ்டெம் செல் ஊசி போட்டால் எம்.எஸ். முழுசாகப் போய்விடும்' என்று லட்சங்களில் பேக்கேஜ் சொல்கிற விளம்பரங்கள் உங்கள் ஃபீடில் வரும். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. தீவிரமான எம்.எஸ்-ஸுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பற்றி முறையான ஆய்வுகள் நடக்கின்றன. அது பெரிய ஆஸ்பத்திரியில் கீமோதெரபியோடு செய்யப்படுவது, ஊசி போட்டு அனுப்பும் கிளினிக் சமாச்சாரம் அல்ல. 'மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. ஒரே ஃபோல்டர்: எம்.ஆர்.ஐ சி.டி, ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள், பில்கள். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து தேதி வாரியாக வையுங்கள்.
2. மேலே உள்ள மாதிரிக் கணக்கில் உங்கள் எண்களைப் போட்டு, மாசத் தொகையைக் கண்டுபிடியுங்கள்.
3. ஆபீஸ் பாலிசி புத்தகத்தைத் திறந்து டே கேர், மோனோக்ளோனல் ஆன்ட்டிபாடி, ஓ.பி. என்ற மூன்று இடங்களையும் படியுங்கள்.
4. லோன், டேர்ம் பாலிசிகளில் கிரிட்டிக்கல் இல்னஸ் ஒளிந்திருக்கிறதா பாருங்கள்.
5. அடுத்த விசிட்டில் டாக்டரிடம் மூன்று கேள்விகள்: இதற்கு ஜெனரிக் உண்டா? கட்டுப்படியாகாமல் போனால் அடுத்த மருந்து எது? எந்த டெஸ்ட் கட்டாயம், எது தள்ளிப்போடலாம்?
6. 1985-லிருந்து இயங்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. எந்தக் கடையில் மருந்து மலிவு, எந்தப் படிவத்துக்கு எந்த ஆபீஸ் என்பதை இதே பாதையில் முன்னால் போனவர்களைப் போல யாரும் சொல்ல முடியாது.

உங்களுக்கு இல்லை, உங்கள் நண்பருக்கு எம்.எஸ். என்றால்? 'நல்லாத்தானே இருக்க' என்று சொல்லாதீர்கள். நன்றாக இருப்பதற்குத்தான் அவர் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். வெயில் நாளில் பைக்கில் கூட்டிப்போங்கள். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் அவருக்குப் பதிலாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு, அந்த மாசம் அது அவர் பர்ஸிலிருந்து போகாது.